குன்னூர் ஈரத்தில் எது தாங்கும்? கம்பளிப் பின்னலா, நீர்வண்ணமா, தொட்டிச் செடியா?

மலையில் குடியிருப்பவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மாலைகள் மிக நீளமானவை. நான்கு மணிக்கே மூடுபனி வாசலுக்கு வந்துவிடுகிறது. பிள்ளைகளைக் கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ அனுப்பிவிட்டுத் தனித்திருப்பவர்களுக்கும், பக்கத்து வீட்டுக்குப் போகவே ஒரு மேடு ஏற வேண்டிய எஸ்டேட் குடும்பங்களுக்கும் அந்த நேரத்தைக் கடத்தக் கைக்கு ஒரு வேலை வேண்டும். தொலைக்காட்சி பார்த்தால் நேரம் போகும், மனம் ஆறாது. பணி ஓய்வுக்குப் பிறகு நீர்வண்ண ஓவியம், தொட்டிச் செடி, கம்பளிப் பின்னல் ஆகிய மூன்றையும் செய்து பார்த்துப் பின்னலில் நிலைத்தவள் நான். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்றுமே மனத்தை அமைதிப்படுத்தும், மூன்றையும் வீட்டுக்குள்ளேயே செய்யலாம், மூன்றுக்கும் தொடக்கச் செலவு தாங்கக்கூடியதுதான். இவற்றை விரித்து எழுதத் தேவையில்லை. சமவெளியில் இருந்தால் பிடித்ததைத் தேர்ந்தெடுங்கள் என்று சொல்லி முடித்திருப்பேன். மலையில் முடிவு செய்வது வேறொன்று: ஈரம்.

நீலகிரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு. கூடலூர், அவலாஞ்சி போன்ற மேற்குப் பகுதிகளில் தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் கொட்டும். குன்னூர், கோத்தகிரி போன்ற கிழக்குச் சரிவுகளில் அக்டோபர், நவம்பரில்தான் வலுத்த மழை. எந்தப் பக்கம் வீடு இருந்தாலும் ஆண்டில் சில மாதங்கள் சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். தோல் செருப்பு, புத்தக அட்டை, கேமரா லென்ஸ் எதுவும் தப்பாது, பூசணம் பூத்துவிடும். பொழுதுபோக்குக்கான பொருள்களும் அதே அலமாரியில்தான் இருக்கின்றன. மழை முடிந்து வெளியே எடுக்கும்போது நீங்கள் செய்தது நீங்கள் செய்தபடியே இருக்குமா என்பதுதான் என் கேள்வி. ஆறுதலுக்காகத் தொடங்கிய ஒன்று கெட்டுப்போவதைப் பார்க்கும் வருத்தம் சிறியதல்ல.

நீர்வண்ணம் இந்தச் சோதனையில் தோற்றுவிடுகிறது. நீர்வண்ணத் தாளில் நிறம் உடனே உள்ளே இறங்கிவிடாதபடி ஜெலட்டின் அல்லது மாவுப்பசை ஏற்றியிருப்பார்கள். பூசணத்துக்கு அதுவே உணவு. ஈரத்தில் பசை கெட்ட தாளில் தூரிகை பட்டதும் நிறம் திட்டுத்திட்டாக ஊறிவிடும். முடித்த படத்தைக் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டினால் பின்பக்கம் பழுப்புப் புள்ளிகள் வருகின்றன. மழை மாலையில் ஒரு பூச்சு உலர நெடுநேரம் காத்திருக்கவும் வேண்டும். மார்ச், ஏப்ரல் வெயிலில் குன்னூருக்கு அருகே லாம்ஸ் ராக் பாறைமுனைப் பக்கம் உட்கார்ந்து வரைவது பேரின்பம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் துணை தேவைப்படுவது மழைக்காலத்தில்தானே! ஓவியத்தில் என் பழக்கம் மிகக் குறைவு. தேர்ந்த ஓவியர்கள் தாளைக் காற்றுப் புகாத பெட்டியில் வைத்து நன்றாகவே சமாளிக்கிறார்கள்.

தொட்டிச் செடிக்கு ஈரம் அவ்வளவு பகை இல்லை. ஃபுக்ஷியா, பிகோனியா, ஜெரானியம் எல்லாம் இந்தக் குளிருக்கென்றே பிறந்தவைபோல் வளர்கின்றன. நம் மண் தேயிலைக்கு ஏற்ற அமில மண் என்பதால் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூக்கிறது. 1848இல் தொடங்கிய ஊட்டி தாவரவியல் பூங்காவில் மே மாதம் மலர்க் கண்காட்சி பார்த்துவிட்டு வந்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தொடர்மழையில் தொட்டியின் அடித்துளை அடைத்தால் வேர் அழுகும். டிசம்பர், ஜனவரி உறைபனியில் இலை கருகும். பூங்காவிலேயே நாற்றுகளை மிலார் என்ற செடியின் கிளைகளைக் கொண்டு மூடிக் காப்பாற்றுகிறார்கள். குன்னூரிலும் கோத்தகிரியிலும் காட்டெருமை தெருவுக்கே வருகிறது, குரங்கைச் சொல்லவே வேண்டாம். செடி வைத்தவர் ஒரு வாரம் மகள் வீட்டுக்குப் போவதென்றால் பக்கத்து வீட்டு அக்காவிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். காலையில் எழ ஒரு காரணம் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு அந்தப் பொறுப்பே மருந்தாகலாம். எனக்கு அது இன்னொரு கவலையாகிவிட்டது.

இனி பின்னல். கம்பளி ஈரத்துக்கு அஞ்சாத பொருள். தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை ஈரத்தை உள்வாங்கிய பிறகும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. மழைக்காலம் முழுவதும் கூடையில் கிடந்த பாதி ஸ்வெட்டரைத் தை மாத வெயிலில் உதறிக் காயவைத்து, விட்ட வரிசையிலிருந்தே தொடரலாம். நிறைய நாள் கிடந்து வாடை வந்துவிட்டால் துவைக்கலாம். ஓவியத்தைத் துவைக்க முடியுமா? வெதுவெதுப்பான நீரில் கசக்காமல் அலசி, துண்டில் சுருட்டி அழுத்தித் தண்ணீரை எடுத்து, விரித்த துணியின் மேல் பரப்பி உலர்த்த வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் நீரின் பாரத்தில் ஸ்வெட்டர் முழங்கால் வரை இறங்கிவிடும்.

கம்பளிக்கு உள்ள பெரிய எதிரி அந்துப்பூச்சி. அதன் புழு கம்பளியைத் தின்னும். அழுக்கும் வியர்வையும் பட்ட துணியென்றால் அதற்குக் கூடுதல் விருப்பம். ஆகவே துவைத்து, நன்றாக உலர்த்தி, வேப்பிலையோ அந்துருண்டையோ இட்டு வைக்க வேண்டும். மலைவீடுகளில் அலமாரிக்குள் சிறிய பல்பு எரியவிடும் வழக்கம் உண்டு. நல்ல வழக்கம்தான். துணி பல்பில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைகளில் ‘உல்லன்’ என்று கிடைப்பதில் பெரும்பகுதி அக்ரிலிக் என்ற செயற்கை நூல். அந்துப்பூச்சி அதைத் தொடாது, விலையும் குறைவு, கற்றுக்கொள்ள அதுவே போதும். ஆனால் கணப்பு அருகே அமர்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். பொறி பட்டால் அக்ரிலிக் உருகி உடம்பில் ஒட்டும், கம்பளி எளிதில் பற்றாது. அதோடு, மூடிய அறையில் கரியடுப்பு வைத்துக்கொண்டு எந்த வேலையும் செய்யாதீர்கள். அதன் நச்சு வாயு ஆளைக் கொன்றுவிடும். ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் செம்மறியாடு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, மென்கம்பளி தரும் நீலகிரி ஆடு நம் மலைக்கே உரிய இனம். கொடைக்கானல் மன்னவனூரிலும் கம்பளி ஆடு வளர்க்கிறார்கள். இவ்வளவு இருந்தும் நம் ஊர்க் கடையில் நம் ஊர்க் கம்பளியைத் தேட வேண்டியிருப்பது எனக்கு ஆற்றாமைதான்.

பின்னலைப் பராமரிப்பதில் நான் மிக மதிப்பது இன்னொன்று: பிரிக்கலாம். பேரனுக்குச் சிறிதாகிப் போன ஸ்வெட்டரைத் தையல் வெட்டிப் பிரித்து, நாற்காலி முதுகில் நூலைச் சுற்றி, நனைத்து, அடியில் ஏதாவது பாரம் கட்டித் தொங்கவிட்டால் சுருள் நீங்கி நூல் நேராகிவிடும். அதிலேயே புது நூல் கொஞ்சம் சேர்த்து அடுத்த அளவு பின்னலாம். செலவிட்ட நூல் எதுவும் வீணாவதில்லை என்ற நினைப்பே மாலையில் கையை நிதானமாக்குகிறது. வரிசையை எண்ணிக்கொண்டே போகும்போது மனம் வேறு கணக்குகளைப் போடுவதில்லை. சாதாரணப் பின்னல் கைக்குப் பழகிவிட்டால் மெழுகுவத்தி வெளிச்சத்திலும் ஓடும்.

கொக்கி முனையுள்ள ஒற்றை ஊசியான குரோஷாவா, இரட்டை ஊசியா என்று கேட்பவர்கள் உண்டு. குரோஷாவில் ஒரு நேரத்தில் ஒரு கண்ணிதான் ஊசியில் இருக்கும். மின்சாரம் போன இருட்டில் ஊசி நழுவினாலும் அதிகம் பிரியாது. இரட்டை ஊசியில் வரிசை முழுவதும் நழுவும் ஆபத்து உண்டு. ஆனால் குரோஷா நூலைக் கூடுதலாகக் குடிக்கும், அதன் இடைவெளிகளில் காற்றும் புகும். மேசை விரிப்புக்குக் குரோஷா, உடம்புக்கு இரட்டை ஊசி என்பது என் முடிவு. தோடர் பூத்தையலைக் கற்கலாமா என்றும் கேட்கிறார்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக, வரைந்துகொள்ளாமல் இழைகளை எண்ணியே போடுவது அது. 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. அதை விலைகொடுத்து வாங்கி அந்தப் பெண்களின் உழைப்புக்கு மதிப்பளிப்பதே முறை என்று நினைக்கிறேன்.

விரல் மூட்டுவலி உள்ளவர்களுக்குப் பின்னல் ஒத்துவருமா என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அந்த உபாதை இல்லை. துக்கமும் தூக்கமின்மையும் மாதக்கணக்கில் நீடித்தாலும் மருத்துவரிடம்தான் போக வேண்டும். பின்னல் அதற்குப் பக்கத்துணையாக இருக்கலாம், மாற்றாகாது.

தொடங்குபவர்கள் எட்டாம் எண் ஊசி ஒரு ஜோடி வாங்குங்கள். அது 4 மில்லிமீட்டர் தடிமன். நம் கடைகளில் இன்னும் புழங்கும் பழைய முறையில் எண் கூடக் கூட ஊசி மெலியும், பன்னிரண்டாம் எண் கேட்டு வாங்கிவிட்டால் முதல் மப்ளரே முடியாது. நூல் வெளிர் நிறமாக இருக்கட்டும். கறுப்பிலும் கருநீலத்திலும் மழைநாள் வெளிச்சத்தில் கண்ணி கண்ணுக்குத் தெரியாது.