மேலவீதி ‘மலேவீதி’ ஆன கதை: வகுப்பறையில் லுவான்டியுடன் மூன்று ஆண்டுகள்

பழுதுபார்க்கப் போயிருந்த எங்கள் ஆய்வகக் கணினி ஒன்று, வன்தட்டு முழுவதும் துடைத்தெடுக்கப்பட்ட நிலையில் கடந்த வாரம் திரும்பி வந்தது. மூன்று ஆண்டுகளாக ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கட்டிய ஊர் முழுவதும் அதில்தான் இருந்தது. கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் கணினி விளையாட்டான லுவான்டியில் ஓர் உலகம் என்பது ஒரே ஒரு கோப்புறைதான் என்பதாலும், அதை மாதம் ஒருமுறை பென்டிரைவில் நகலெடுத்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு என்பதாலும், சிறிது நேரத்திலேயே ஊர் பழையபடி எழுந்து நின்றது. அருகிலிருந்து பார்த்த பக்கத்துப் பள்ளிக் கணித ஆசிரியர், “சார், இதை எங்கள் பள்ளியிலும் போடலாமா?” என்று கேட்டார். அவருக்கு அப்போது சொல்ல முடியாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் நிறுவியபோது இதற்கு மைன்டெஸ்ட் என்று பெயர். 2024 அக்டோபரில்தான் லுவான்டி ஆனது. இலவசம், பழைய கணினியிலும் ஓடும், இணையம் இல்லாமல் ஆய்வகத்தின் உள்வலையிலேயே எல்லாரும் ஒரே உலகத்துக்குள் நுழையலாம் என்பதெல்லாம் தெரிந்தவைதாம். கட்டை ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் பக்கமுள்ள கனசதுரம் என்ற ஒன்றே அளவியல் பாடத்துக்குப் போதுமானதாக இருந்தது. 24 கன மீட்டருக்கு ஒரு திண்ணை கட்டச் சொன்னால் ஒரு குழு 2×3×4 என்று கட்டும். இன்னொரு குழு 1×4×6 என்று படுக்கவைக்கும். ஒரு பையன் 1×1×24 என்று கொடிக்கம்பம்போல் தூக்கி நிறுத்திவிடுவான். கன அளவு மூன்றுக்கும் ஒன்றே. பூச வேண்டிய பரப்போ 52, 68, 98 என்று ஏறிக்கொண்டே போகும். கரும்பலகையில் இதை நான் பலமுறை எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தக் கம்பத்தைச் சுற்றிவந்து முகங்களை எண்ணிய பையன், “சார், பெயிண்டுக்கே காசு போயிடும்” என்று சொன்ன நாளில்தான் அது வகுப்புக்குள் இறங்கியது.

தொட்டி கட்டியபோது நடந்தது இன்னும் சிறப்பு. நீளம் 4, அகலம் 3, உயரம் 2 என்று நான் கொடுத்த அளவு உள்ளளவா வெளியளவா என்று ஒரு மாணவி கேட்டாள். பாடநூல் தொட்டிகளுக்குச் சுவர்த்தடிமன் கிடையாது. இங்கேயோ சுவர் என்றால் குறைந்தது ஒரு கட்டை. உள்ளே 24 வேண்டுமென்றால், மேல் திறந்த தொட்டியின் வெளியளவு 6×5×3 ஆகி, 90 கன மீட்டரை அடைத்துக்கொள்கிறது. செலவாகும் கட்டைகள் 66. இருபது ஆண்டு ஆசிரியப் பணியில் இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. (மாணவரின் ‘ஷவுட்’ உரிமையைப் பறித்தால் அவரால் அரட்டைப் பெட்டியில் எதுவும் எழுத முடியாது என்ற வசதியையும் சொல்லியாக வேண்டும், நிஜ வகுப்பறையில் அது இல்லாதது வருத்தமே.)

இவ்வளவு புகழ்ந்த பிறகும் மூன்றாண்டுகளாக என் இரத்தக் கொதிப்பை ஏற்றிக்கொண்டிருப்பது தமிழ் எழுத்துதான். தமிழ் எழுத்துருவை அமைப்பில் நாமே சுட்டிக்காட்டும்வரை வெறும் கட்டங்கள்தாம் தெரிந்தன. காட்டிய பிறகோ, நாங்கள் வைத்திருக்கும் பதிப்பு எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்காமல், கணினியில் பதிந்துள்ள வரிசையிலேயே ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போகிறது. கணினி எழுத்துகளைப் பதிந்துவைக்கும் ஒருங்குறி (யூனிகோட்) முறையில் கொம்பு மெய்க்குப் பின்னால்தான் பதிவாகும் என்பதால், திரையிலும் பின்னாலேயே வந்து அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. பிள்ளைகள் ஆசையாகக் கட்டிய மேலவீதியின் பெயர்ப்பலகை ‘மலேவீதி’ என்று நிற்கிறது. ‘கனச்செவ்வகம்’ என்ற சொல்லில் ‘செ’யின் கொம்பு ‘வ்’வுக்குப் போய்விட, அதை வாசித்துக்காட்டச் சொன்னால் வகுப்பே சிரிக்கிறது.

இது தமிழுக்கு மட்டும் இழைக்கப்பட்ட வஞ்சனையன்று. இந்திக்கும் கன்னடத்துக்கும் இதுபோன்ற சிக்கல் உண்டு. தன்னார்வலர்கள் சம்பளமின்றி உழைத்துத் தரும் மென்பொருள் இது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பதும் தெரியும். ஆனாலும் கலைச்சொல்லைத் தமிழில் கற்கவே தடுமாறும் பிள்ளைக்கு, அந்தச் சொல்லை உடைத்துக் காட்டும் கருவியை எந்த மனத்தோடு பரிந்துரைப்பது? ஆகவே நண்பருக்கு என் பதில்: வேண்டாம், போடாதீர்கள்.

நான் மட்டும் வரும் செவ்வாய்க்கிழமை புதிய வகுப்பைத் தொடங்குகிறேன். கணினி திரும்பி வந்த அன்றே ஒரு மாணவி குறுக்குவழி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள்: நோட்பேடில் முதலில் கொம்பு, பிறகு மெய் என்று தட்டி, புள்ளிவட்டத்தோடு அலங்கோலமாகத் தெரியும் அந்தச் சொல்லை நகலெடுத்துப் பலகையில் ஒட்டினால், லுவான்டிக்குள் ‘மேலவீதி’ சரியாகவே தெரிகிறது. பழைய தட்டச்சுப் பொறியில் இப்படித்தான் அடிப்போம் என்று நான் சொன்னபோது அவள் நம்பவில்லை. தப்பாக எழுதினால்தான் சரியாக வருகிறது என்பதை எங்கள் தமிழம்மாவிடம் யார் போய்ச் சொல்வது என்று இப்போது இருவரும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.