பிரித்தெடுக்கும் பலகைக் கூடு: இரண்டு பருவங்களுக்குப் பிறகு

கூட்டமாக வாழாமல் துளைகளில் தனித்தனியே கூடு கட்டும் மேசன் தேனீக்களுக்கென விற்கப்படும் இந்த அடுக்குப் பலகைக் கூட்டை நான் வாங்கக் காரணம், முன்பு வைத்திருந்த மூங்கில் குழாய்க் கூடுதான். அதில் ஒரு குழாயைக் கத்தியால் பிளந்தபோது, பழுப்பு நிறக் கூட்டுறைகளுக்கு (புழு தன்னைச் சுற்றிப் பின்னிக்கொள்ளும் உறைகள்) நடுவே மூன்று புழுக்கள் சாம்பல் நிறத்தில் விறைத்துக் கிடந்தன. நகம் பட்டதும் ஒன்று பொடிந்து, கருந்தூளாக விரலில் ஒட்டிக்கொண்டது. சாக்புரூட் எனப்படும் பூஞ்சை நோய் அது.

அஸ்கோஸ்ஃபேரா என்னும் இப்பூஞ்சையின் வித்துகள், மகரந்த உணவோடு புழுவின் வயிற்றுக்குள் சென்று குடலில் முளைத்து, உடலெங்கும் பரவி அதைக் கொன்றபின், அதன் தோலுக்கடியிலேயே புதிய வித்துகளாகப் பெருகுகின்றன. கூட்டமாக வாழும் தேனீக்களிடம் இறந்த புழுவை இழுத்து வெளியே போட வேலைக்காரத் தேனீக்கள் உண்டு. தனித்தேனீயின் வீட்டைப் பெருக்க ஆளில்லை. அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த குழாயில், பின்னறைத் தேனீ முன்னறையில் கிடக்கும் பிணத்தைக் கடித்துத் துளைத்துக்கொண்டுதான் வெளியே வர முடியும். அப்போது ரோமத்தில் படியும் வித்துகளைத் தான் கட்டப்போகும் அடுத்த கூட்டுக்கும் அது சுமந்து செல்கிறது. குழாயைப் பிரிக்க வழியில்லையென்றால், ஆண்டுக்காண்டு நோயைச் சேமித்து வைக்கிறோம் என்றே பொருள்.

இந்தப் பெட்டியில் 8 மி.மீ. அகலமும் 15 செ.மீ. நீளமும் கொண்ட பள்ளங்கள் உள்ளன. சேர்த்துக் கட்டியிருக்கும் பட்டையை அவிழ்த்தால் பலகைகள் தனித்தனியாக வந்துவிடுகின்றன. நோயுற்ற புழு பெரும்பாலும் கூட்டுறை பின்னுவதற்கு முன்பே இறந்துவிடுவதால், பார்த்தவுடனே அடையாளம் தெரிகிறது. அவற்றை உலர்ந்த நிலையிலேயே பொறுக்கி அகற்றிவிட்டு, நல்ல கூட்டுறைகளை மட்டும் குளிர்ந்த நீரில் அலசினேன். இந்த ஒரு வசதிக்காகவே பெட்டிக்குக் கொடுத்த காசு தகும்.

குறைகளும் உண்டு. பள்ளங்களின் உட்புறம் சரியாக இழைக்கப்படாததால், மரச்சிலும்புகளில் தூள் தங்கிவிடுகிறது. தூரிகையால் துடைத்தால் போதும் என்று கையேடு சொல்வது தவறு. நோய் கண்ட பலகையைப் பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்து, நன்றாக உலர்த்தியாக வேண்டும். அப்படிச் செய்ததில் இரண்டு பலகைகள் வளைந்து, ஒட்டுண்ணிக் குளவி நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்துவிட்டது. அவற்றுக்கு மாற்று கேட்டு எழுதினேன். தனிப்பலகை விற்பதில்லை, முழுப் பெட்டியாகத்தான் வாங்க வேண்டும் என்று பதில் வந்தது.