கேபினெட்டுக்குள்ளேயே பார்ப்பதா, வெளியே எடுப்பதா?

புதிதாகக் கோத்த கம்ப்யூட்டரில் ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டு. டிடிஆர்5 ராம் (புது வகை மெமரி) என்றால் முதல் தடவை திரை வர சில நிமிடம் எடுக்கும், பொறுங்கள்.

அப்புறமும் வரவில்லையா? கேபினெட்டுக்குள்ளேயே பார்ப்பது சுலபம்: பிராசசருக்கான 8 பின் கேபிள் மாட்டியாயிற்றா, மதர்போர்டில் எந்த எல்இடி எரிகிறது (எந்தப் பாகத்தில் சிக்கல் என்று அது காட்டும்). பெரும்பாலும் இதிலேயே பிடிபடும்.

வெளியே எடுப்பது மெனக்கெட்ட வேலை. மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டி மேல் வைத்து, பிராசசர், கூலர், ஒரே ஒரு ராம் (பிராசசரில் கிராபிக்ஸ் இல்லாவிட்டால் கார்டும்) மாட்டி, பவர் ஸ்விட்ச் பின் இரண்டையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒருகணம் தொட வேண்டும். ஆனால் கேபினெட்டில் மதர்போர்டைத் தாங்கும் குட்டி உலோகத் தூண் (ஸ்டாண்டாஃப்) இடம் மாறி நின்று அடியில் முட்டி ஷார்ட் ஆவது இப்படித்தான் தெரியவரும். எனக்கு அதுதான் நடந்தது. அட்டைப்பெட்டி மேல் வைத்ததும் பயாஸ் (கம்ப்யூட்டரின் தொடக்கத் திரை) வந்துவிட்டது.