கேரவன் ஓட்டும்போது பாட்டுக் கேட்பது: நான்கு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

புதுச்சேரியில் பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, பதிவுச் சான்றிலும் உரிய மாற்றம் செய்துகொண்டு, படுக்கையும் சமையல் மேடையும் தண்ணீர்த் தொட்டியும் உள்ள கேரவனாக ஆக்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இதற்குள் ஸ்பீக்கரை இரண்டு முறை மாற்றிவிட்டேன். ஆயினும் எந்த ஸ்பீக்கர் என்பதைவிட, வண்டி ஓடும்போது எவ்வளவு ஒலியில் கேட்பது என்பதே பெரிய கேள்வி என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

காரில் பாட்டின் ஒலி கூடினால் சாலையின் சத்தம் மறையும். கேரவனிலோ வீட்டின் சத்தமும் சேர்ந்து மறைந்துவிடும். அலமாரிக் கதவின் கொண்டி கழன்று அடித்துக்கொள்வதும், பின்பக்க இரட்டைச் சக்கரங்களுக்கு நடுவே கல் சிக்கினால் எழும் சீரான 'டக் டக்' ஒலியும் ஓட்டுபவர் காதுக்கு எட்டியே ஆக வேண்டும். முதல் ஆண்டில் மரக்காணம் உப்பளங்களைக் கடந்து வந்தபோது, பாட்டை உரக்க வைத்திருந்ததால் அப்படிச் சிக்கிய கல்லை நான் உணரவே இல்லை. தேநீருக்காக நிறுத்தியபோதுதான் டயரின் உட்பக்கம் ஆழமாக வெட்டுப்பட்டிருப்பதைக் கண்டேன். குழந்தைகளும் உள்ளே இருந்த பயணம் அது. இன்றும் நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. அன்று முதல், பின்னிருக்கையிலிருந்து என் மனைவி இயல்பான குரலில் கூப்பிட்டால் எனக்குக் கேட்க வேண்டும் என்பதே ஒலியின் அளவு. எஞ்சின் இரைச்சலை வெல்லப் பாட்டைக் கூட்டுவதற்குப் பதிலாக, எஞ்சின் மூடியின் உட்புறம் வெப்பம் தாங்கும் ஒலித்தடுப்பு விரிப்பை ஒட்டியது, புதிய ஸ்பீக்கர்களைவிட அதிகப் பயன் தந்தது.

2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, கைபேசியைக் கையில் பிடித்தபடி ஓட்டுவதை ஆபத்தான ஓட்டுதலாகக் கருதுகிறது. முதல் குற்றத்துக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். 2020இல் திருத்தப்பட்ட விதிகள், கவனம் சிதறாத வகையில் வழி பார்ப்பதற்கு மட்டுமே கைபேசிக்கு இடம் தருகின்றன. ஆகவே பாட்டு வரிசையைப் புறப்படுமுன் பென் டிரைவில் அடுக்கிவிடுகிறேன். இடையில் மாற்ற வேண்டுமானால் பக்கத்து இருக்கையில் இருப்பவர் மாற்றுவார். இரு காதிலும் இயர்போன் மாட்டி ஓட்டுவதை நான் அறவே ஏற்கமாட்டேன், ஏனெனில் ஆம்புலன்ஸ் பின்னால் வருவதே தெரியாமல் போகும்.

தனியாக ஓட்டும் நாள்களில் வானொலிதான் உகந்தது. தேர்ந்தெடுக்கும் வேலையே இல்லை. புதுச்சேரி ரெயின்போ 102.8, கடலூரைத் தாண்டித் தெற்கே செல்லச் செல்ல மங்கும். காரைக்கால் வானொலியின் 100.3 தெளிவாகும் வரை இடையில் அலைவரிசை தேடாமல் அணைத்துவிடுகிறேன். நீண்ட சொற்பொழிவுகளை நெரிசலற்ற நெடுஞ்சாலைக்கென வைத்துக்கொண்டு, மஞ்சக்குப்பம் போன்ற நெரிசலான இடங்களில் எதுவும் ஒலிக்காமல் ஓட்டுகிறேன்.

வண்டியை நிறுத்திய பிறகு கேட்பதற்கு, எஞ்சினைக் கிளப்பும் பேட்டரியைத் தொடாமல், வீட்டுப் பகுதிக்கான தனி 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இணைப்புக் கொடுத்திருக்கிறேன். பிச்சாவரத்தில் இரவு முழுதும் மெல்லிய இசை ஓடிய பிறகும் காலையில் வண்டி முதல் சாவியிலேயே கிளம்பியது.