ரத்தம் போன ஷாக்கா, தேனீ கொட்டிய ஷாக்கா?

கோத்தகிரிப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் இருவர் சரிகிறார்கள் என்று வையுங்கள். ஒருவருக்குக் கவாத்துக் கத்தி தொடையில் இறங்கிவிட்டது. இன்னொருவரை மலைத்தேனீ கொட்டியது. இரண்டுமே ஷாக்தான், அதாவது உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாத நிலை. ஆனால் பார்க்க ஒன்றுபோல இருக்காது.

ரத்தம் போனவர் வெளிறி, சில்லிட்டு, வியர்த்திருப்பார். நம்மூர்க் குளிரில் இதுதான் வம்பு: யார் கையைத் தொட்டாலும் ஐஸ்தான். அதனால் விரல் நகத்தை நம்பாமல் நெஞ்செலும்பின் மேல் 5 விநாடி அழுத்தி எடுங்கள். வெளுத்த தோல் நிறம் திரும்ப 2 விநாடிக்கு மேல் ஆனால் சந்தேகப்படுங்கள். பிரஷர் நார்மல் என்று நிம்மதியடைவதும் தப்பு. பெரியவர் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம். ஒரு லிட்டர் போன பிறகும் பிரஷர் தாக்குப்பிடிக்கலாம். முதலில் நாடி எகிறும், அப்புறம் பதற்றம், குழப்பம். பிரஷர் விழுவது அதற்குப் பிறகுதான்.

தேனீ ஷாக், அதாவது கொட்டியதால் வரும் கடும் அலர்ஜி, நிமிடங்களில் வரும். தோல் சிவந்து தடிக்கும், உதடு வீங்கும், மூச்சு இழுக்கும். தடிப்பே இல்லாமலும் வருவதுண்டு.

முன்னவருக்குக் காயத்தை விடாமல் அழுத்திப் பிடியுங்கள், கம்பளி போர்த்துங்கள். சுக்குக் காப்பி கொடுக்காதீர்கள். பின்னவருக்கு வேண்டியது அட்ரினலின் ஊசி: பெரியவருக்கு 0.5 மி.கி., தொடையின் வெளிப்புறத் தசையில். தேறாவிட்டால் 5 நிமிடத்தில் செவிலியர் மறுபடி போடுவார். அவில் என்ற அலர்ஜி மாத்திரை போதும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இருவரையும் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். மூச்சு முட்டுபவர் உட்காரலாம், ஆனால் ஜீப் வரை நடக்க விடாதீர்கள். தேனீக்காரர் தேறிய பிறகும் சில மணி நேரம் கழித்து ஷாக் திரும்பலாம். உடனே வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்.