காந்தி விளையாட்டரங்கம் அருகே ஒரு பூட்ஸ் தையல் கடை

சேலம் காந்தி விளையாட்டரங்கத்துக்கு அருகே, பெயர்ப் பலகை எதுவும் இல்லாமல், தார்ப்பாய் நிழலில் செருப்பு தைக்கும் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். என் அண்ணன் மகனின் ரக்பி பூட்ஸைச் சென்ற மாதம் அவரிடம்தான் தைத்து வாங்கினோம்.

அவன் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வளர்ந்தவன்; அணிக்குப் பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக்கில், அதன் உச்சப் பிரிவான சூப்பர் லீக்குக்குக் கீழே உள்ள பிரிவில், 7ஆம் எண் சட்டை போட்டு அணியின் ஆட்டத்தை நடத்தும் ஹாஃப்பேக். பகலில் எலக்ட்ரீஷியன் வேலை, வாரத்தில் இரண்டு மாலை பயிற்சி, ஞாயிறு ஆட்டம் என்று எட்டு ஆண்டுகளாக ஓடுகிறான். ஆட்டத்துக்காக வேலையை விட்டு வருவோருக்கு இழந்த கூலியை ஈடுகட்ட வேண்டும் என்ற தகராறில்தான் 1895இல் வடக்கு இங்கிலாந்தின் சங்கங்கள் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடிப் பழைய ரக்பி அமைப்பிலிருந்து பிரிந்தன. அப்படிப் பிறந்த ஆட்டத்தில், கீழ்ப் பிரிவுகளில் ஆடும் பலர் இன்றும் வேறு வேலை பார்த்துத்தான் பிழைக்கிறார்கள். புது பூட்ஸ் என்பது அவனுக்குச் சட்டென்று செய்துவிடக்கூடிய செலவு அல்ல.

முதலில் நகரின் பெரிய கடை ஒன்றில் கொடுத்தோம். அவர்கள் தைக்காமல் பசை மட்டும் வைத்து ஒட்டிக் கொடுக்க, மூன்றாம் நாளே பழையபடி வாய் பிளந்துவிட்டது. அதன் பிறகே இவரிடம் வந்தோம்.

பெரியவர் உடனே விலை பேசவில்லை. இரண்டையும் கவிழ்த்து, அடிப்பகுதியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி வலது காலாலதான் உதைக்கிறீங்க, இடது கால அழுத்தி ஊனி நிக்கிறீங்க" என்றார். இடது பூட்ஸ் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. வலதில் மேல்தோல் விரிந்திருந்தது. ஆட்டத்தை ஒரு முறைகூடப் பார்க்காதவர் தேய்மானத்தை வைத்தே அவன் வேலையைச் சொல்லிவிட்டார். பந்தோடு ஓடுபவர்கள் ஆறாவது முறை எதிரணியிடம் பிடிபட்டால் பந்து அவர்களுக்குப் போய்விடும் என்பதால், ஐந்தாவது பிடிக்குப் பிறகு பெரும்பாலும் பந்தை உதைத்து அனுப்புவார்கள். அந்த உதை ஹாஃப்பேக்கின் பொறுப்பு. தன் 40 மீட்டர் கோட்டுக்குப் பின்னாலிருந்து அவன் உதைத்த பந்து, எதிரணியின் 20 மீட்டர் கோட்டைத் தாண்டித் தரையில் பட்டுப் பக்கக் கோட்டுக்கு வெளியே போனால், பந்து மறுபடி அவன் அணிக்கே கிடைக்கும். அப்படி உதைக்கும் காலில், பந்து படும் இடத்தில் ஒரு முடிச்சு துருத்தினாலும் குறி தவறும்.

அதைச் சொன்னதும், பந்து படும் இடத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லி, சாக்பீஸால் வட்டமிட்டுக்கொண்டார். மெல்லிய தோலை உட்பக்கமாக வைத்து, மெழுகு தேய்த்த நூலால் வட்டத்துக்கு வெளியே மட்டும் நெருக்கமாகத் தைத்து, முடிச்சுகளை உள்ளே தள்ளிச் சிறு சுத்தியலால் தட்டிச் சமன் செய்தார். இரண்டுக்கும் சேர்த்து 240 ரூபாய். சொன்ன நாளுக்கு ஒரு நாள் தாமதமானது என்பதும், பூட்ஸின் அடியில் வழுக்காமல் பிடிக்கும் குமிழ்களான ஸ்டட்கள் தேய்ந்தால் அவற்றுக்கு மாற்று அவரிடம் இல்லை என்பதும் குறைகள்.

மறுநாள் ஏற்காட்டுக்குப் போய், மழையில் ஊறிய புல்லில் மூன்று நாள் காலை வேளையிலும் பந்தை உதைத்துப் பார்த்தான். சரிவுக்குப் பேர்போன, இங்கிலாந்தின் பேட்லி ஊரிலுள்ள மவுண்ட் பிளசன்ட் மைதானத்தில் ஆடியவனுக்கு மலைச் சரிவு பெரிதாகத் தெரியவில்லை. தையல் ஒன்றுகூட விடவில்லை, உள்ளே ஈரமும் ஏறவில்லை.

பூட்ஸைக் கழுவிக் காயவைத்துக் கொண்டு போங்கள். சேறோடு கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்.