இரண்டு மணிக்கு எழும் குழந்தை: தூளியா, பாலா, அழவிடுவதா, தட்டிக்கொடுப்பதா?

எங்கள் மகள் ஒன்றரை வயதில் ஒரு ராத்திரிக்கு நாலு தடவை எழுவாள். வீட்டில் ஆளுக்கொரு யோசனை. தூளி கட்டு என்றார் அம்மா. வயிறு நிறையவில்லை, பால் கொடு என்றார் அத்தை. கைப்பேசியில் எதையோ படித்துவிட்டு, அழவிட்டுப் பார்க்கலாம் என்றார் கணவர். எல்லாவற்றையும் செய்து பார்த்தோம்.

இந்த வயதில் தூக்கம் சுமார் ஒரு மணி நேரச் சுற்றுகளாக ஓடும். ஒரு சுற்று முடியும்போது லேசாக விழிப்புத் தட்டும். நமக்கும்தான், நாம் புரண்டு படுத்துவிடுகிறோம். குழந்தையோ, கண்ணயரும்போது கூட எது இருந்ததோ அதைத் தேடும். ஆடிக்கொண்டே தூங்கினால் ஆட்டத்தை, பாட்டிலோடு தூங்கினால் பாட்டிலை. ஒன்பது மணிக்கு எதைப் பழக்கினோமோ, இரண்டு மணிக்கும் அதைத்தான் கேட்கும். நான் நான்கையும் எடைபோட்டது இதை வைத்துத்தான்.

தூங்க வைக்கும் வேகத்தில் தூளியை மிஞ்ச எதுவும் இல்லை. பழைய நூல் புடவை, விட்டத்துக் கொக்கி, ஒரு ஸ்பிரிங். பத்து நிமிடத்தில் ஆள் அவுட். தொல்லை அதற்குப் பிறகு. தூளியில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு படுத்தபடியே ஆட்டியிருக்கிறேன். என் கண் சொருகிக் கால் நின்றதும் உள்ளிருந்து 'ம்ம்...' என்று ஒரு அதட்டல்! போதாததற்கு, இந்த வயதில் தூளிக்குள்ளேயே எழுந்து நிற்கப் பார்க்கிறார்கள். விழுந்தால் என்ன ஆவது?

பால் யோசனையை நான் அடியோடு நிராகரிக்கிறேன். வாயில் பாட்டிலோடு தூங்கினால் முன்பற்கள் சொத்தையாகும். பசும்பால் அளவுக்கு மீறினால் சோறு இறங்காது, இரும்புச்சத்து குறையும். அந்தக் குறைவே தூக்கத்தைக் கெடுக்கும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ராத்திரிப் பாலைக் கூட்டுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டாமா? தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் கதை வேறு, அதை இதில் சேர்க்கவில்லை.

அழவிடும் முறையைப் பரப்பியவர் ரிச்சர்ட் ஃபெர்பர் என்ற அமெரிக்க மருத்துவர். 1985-இல் புத்தகம் எழுதினார். அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை அவர். சில நிமிடம் காத்திருந்து, போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரவேண்டும். காத்திருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். தனியறையில் தூங்கும் குழந்தைகளிடம் பலிக்கத்தான் செய்கிறது. எங்களுக்கு இருப்பதோ ஒரே படுக்கையறை. நாங்கள் எங்கே வெளியே போவது? இரண்டாம் நாள் காலையில் கீழ்வீட்டுப் பாட்டி, "பாப்பாவுக்கு உடம்பு முடியலையாம்மா?" என்று படியேறி வந்துவிட்டார். அதோடு விட்டோம்.

கடைசியில் பாயை விரித்து, பக்கத்தில் படுத்துத் தட்டிக்கொடுத்தேன். முதல் வாரம் தூங்கும்வரை தட்டினேன். அடுத்த வாரம் தட்டாமல் முதுகில் கை மட்டும். அப்புறம் கையையும் எடுத்துவிட்டு, பக்கத்தில் சும்மா படுத்திருந்தேன். ஃபெர்பர் போகச் சொன்ன ஊருக்கே மாட்டுவண்டியில் போவது மாதிரி. மூன்று வாரத்தில் நாலு தடவை ஒரு தடவையானது. குறையும் உண்டு: பாதி நாள் அவளுக்கு முன்னால் நான் தூங்கிவிடுவேன். கடைவாய்ப்பல் முளைத்த வாரத்தில் எல்லாம் பழையபடி ஆகி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

எந்த வழியானாலும் பகல் கணக்கு முக்கியம். ஒன்று முதல் இரண்டு வயதுவரை பகலும் இரவும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் போதும். சாயங்காலம் ஐந்துவரை தூங்கவிட்டு, எட்டுக்குக் கண் மூடு என்றால் நடக்காது. தினமும் குறட்டை, வாயால் மூச்சு, நடுவில் மூச்சு நின்று நின்று வருவது என்று இருந்தால் இந்த நான்கும் உதவாது, டாக்டரிடம் காட்ட வேண்டும்.

தூளியை இன்னும் அவிழ்க்கவில்லை. மதியத் தூக்கத்துக்கு அதுதான், நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க. ராத்திரி விளக்கணைத்ததும் ஸ்பிரிங்கைக் கழற்றி அலமாரி மேல் வைத்துவிடுகிறேன். கண்ணில் பட்டால் கேட்பாள்.